எங்கள் வீட்டு மலைக்காரர்

எங்கள் ஊருக்கு எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, பாவம், பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள், வயிற்றுக்காக எதையோ செய்துவிட்டார்கள் என்று யாராவது இரக்கப்பட்டுவிடக் கூடாது. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகும் ரோட்டில், அடிவாரத்தில் இருந்தது ஊர். நூறு வீடு தேறாது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கரும்பு ஆலைக்குப் போனது, நெல் வீட்டுக்கு வந்தது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை போட்டால் மூட்டை மூட்டையாக விளைந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் யாரோ புண்ணியவான்கள் வைத்துவிட்டுப் போன புளியமரங்கள் நின்றன.

அப்போது எங்கள் மாவட்டம் கடற்கரையிலிருந்து மலை உச்சி வரைக்கும் ஒரே மாவட்டம். கிழக்கே கடலூரில் மீன், நெய்வேலியில் நிலக்கரி, நடுவில் வயல், மேற்கே நாங்கள், எங்கள் தலைக்கு மேலே கல்வராயன் மலை. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் கடலூர் கருவாட்டை மூட்டையாக வரவழைத்து, மலையிலிருந்து வரும் தேனுக்கு மாற்றினார்கள். மலையில் உப்பும் கருவாடும் கிடையாது. கீழே தேனும் கடுக்காயும் கிடையாது. ஒரு கை கருவாட்டுக்கு ஒரு புட்டி தேன். கை என்பது எங்கள் அம்மாவின் கை, அது சின்னக் கை. கரும்பும் நெல்லும் வெளியே சொல்லிக்கொள்வதற்கு. கூரை வீடுகள் ஓட்டு வீடுகள் ஆனது மலையால்தான்.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் எங்கள் ஊரில் ஒரு வீடு உண்டு. சந்தை நாளுக்கு முன்தினம் தலைச்சுமையோடு வருகிறவர்கள் அந்த வீட்டு வாசலில்தான் சுமையை இறக்க வேண்டும். அந்த வீடு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சம் இருந்தால்தான் சந்தைக்கு. வேறு வீட்டு வாசலில் இறக்கினால் இரண்டு வீட்டுக்கும் அடிதடியே வரும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் 'எங்க மலைக்காரன்' என்று சொல்லிக்கொள்வார், எங்க மாடு, எங்க கெணறு என்கிற மாதிரி. அவர்களுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு ஓட்டுக்கு அடியில் செருகியிருக்கும். சாப்பிட்டுவிட்டு அவர்களே கழுவி, அவர்களே செருகிவிட்டுப் போவார்கள்.

எங்கள் வீட்டு மலைக்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இதை எழுதும்போதுதான் 'அவர்' என்று எழுதுகிறேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'பாப்பா' என்பார். மலை மேல் கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பில் அவரும் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். சாமை போடுவார்கள், கடுக்காய் பொறுக்குவார்கள், தேன் எடுப்பார்கள். அவரிடம் ஒரு கோடாலி உண்டு. அதை மட்டும் எங்கள் வாசலில் இறக்கமாட்டார், மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. காட்டிலாகாவிலிருந்து ஏதாவது காகிதம் கொடுத்தால், குழந்தைக்கு மருந்து வாங்கினால், எல்லாவற்றையும் வேட்டி மடிப்பில் வைத்து என்னிடம்தான் கொண்டுவருவார். ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரே பெண் நான். அந்தத் திமிரும் எனக்கு இருந்தது. காகிதத்தை வாங்கி, வேண்டுமென்றே மெதுவாக விரித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படிப்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். "எங்க பாப்பா படிச்சா தப்பே வராது" என்று அம்மாவிடம் சொல்வார். நான் டீச்சர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டு, இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்த வருஷம் அது.

இடம் கிடைக்காததற்கு ஒரே காரணம் ஒதுக்கீடு இல்லாததுதான் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் சாதி ஜனத்துக்குத் தனியாக இத்தனை இடம் என்று எழுதிக் கொடுக்கும் வரைக்கும் போராட வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் வந்து பேசினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து அதுவரைக்கும் ஒரு பியூன் கூட சர்க்கார் வேலைக்குப் போனதில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நியாயமான கோரிக்கை வைத்திருப்பவர்கள் நியாயமாக நடந்துகொள்வார்கள் என்று மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம்.

புரட்டாசியில் ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவானது. முதல் நாளே எலவனாசூர்கோட்டைப் பக்கம், ரிஷிவந்தியம் பக்கம் எல்லாம் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள், பஸ் ஓடவில்லை என்று செய்தி வந்தது. எங்கள் ஊர் ரோட்டில் மட்டும் ஒரு மாட்டுவண்டியும் நாலு முள்ளுக்கட்டும் கிடந்தன. பெண்கள் நாங்கள் பத்துப் பேர் அதற்கு முன்னால் உட்கார்ந்து கோஷம் போட்டோம். சைக்கிளில் வந்த பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் முள்ளை ஒதுக்கிவிட்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனான். போகும்போது, "இதான் உங்க மறியலா? எங்க ஊர்ல வந்து பாருங்க" என்று சிரித்தான். எங்கள் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

அண்ணனும் அவன் கூட்டாளிகளும் புளியமரத்தை வெட்டப் போனார்கள். கரும்பு வெட்டிப் பழகிய கைகள். புளியமரம் கரும்பு இல்லை. துருப்பிடித்த ஒரு கோடாலியை மாற்றி மாற்றி வாங்கி, அரைநாள் முழுக்கக் கொத்தினார்கள். மரத்தில் நாய் கடித்த மாதிரி ஒரு காயம் ஆனதுதான் மிச்சம். ஒருவன் காலில் போட்டுக்கொண்டான். பெண்கள் நாங்களே சிரித்துவிட்டோம்.

எங்கள் மலைக்காரர் அதற்கு முந்தின நாளே சுமையோடு இறங்கியிருந்தார். சந்தை கூடவில்லை. கொண்டுவந்த நெல்லிக்காயும் கடுக்காயும் எங்கள் வாசலில் கிடந்தன, அவரும் அங்கேயே கிடந்தார். நைனா அவரைக் கூப்பிட்டார். நைனா என்றால் எங்கள் அப்பா, அவர் சொன்னால் ஊரில் நடக்கும். "டேய், பசங்க மரத்த கொதறிக்கினு கெடக்கறானுங்க. நீ கொஞ்சம் போய்ப் பாரு" என்றார்.

அவர் வந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அண்ணன் கொத்திய காயத்தைப் பார்த்தார். "எந்தப் பக்கம் வுழணும்ங்க?" என்றார். ரோட்டுக்குக் குறுக்கே என்றார்கள். கோடாலியின் பின்பக்கத்தால் மரத்தை மூன்று தட்டுத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு என்று கேட்டோம். "மேல குடியிருக்கறதெல்லாம் எறங்கிப் போவட்டும்ங்க. சொல்லாம வெட்டக் கூடாது" என்றார். அதற்கும் சிரித்தோம்.

பிறகு வெட்டினார். நான் அதுவரைக்கும் ஒருவர் வேலை செய்வதை அவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை. அவசரமே இல்லை. எங்களை எல்லாம் ஒதுங்கச் சொன்னார், இன்னும் நாலு போடு போட்டார், மரம் முனகிக்கொண்டே போய் அவர் சொன்ன இடத்தில் குறுக்கே விழுந்தது. ஊரே கத்தியது. அண்ணன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஆமாம், அலுமினியத் தட்டில் சாப்பிடுகிறவரைத் தோளில் தூக்கினான். யாரோ கழுத்தில் இருந்த துண்டை எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

"எதுக்குங்க இத வெட்டறோம்?" என்று அப்போதுதான் கேட்டார்.

"நம்ம புள்ளைங்கள்லாம் ஆபீசர் ஆவணும்னுதான்" என்றான் அண்ணன்.

"மரத்த வெட்டனா ஆயிடுவாங்களா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் ஏழு மரங்களைச் சாய்த்துக் கொடுத்தார். எங்கள் ஊர் மறியல் அந்த வட்டாரத்திலேயே பேசப்பட்ட மறியல் ஆனது. சைக்கிள்காரன் திரும்பி வந்து, மரத்தடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்து போனான்.

வாரம் முடிந்தது. போலீஸ் வேன்கள் வர ஆரம்பித்தன. பக்கத்து ஊர்களில் ஆம்பளைகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் ஊர்ப் பையன்கள் இருபது பேர் மலை ஏறிவிட்டார்கள். எங்கே போய்த் தங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் மலைக்காரர் வீட்டில்தான். அவரே முன்னால் நடந்து, ரோடு இல்லாத வழியில் கூட்டிக்கொண்டு போனார். அவர் குடிசையிலும் அக்கம்பக்கத்திலும் பதினைந்து நாள் கிடந்தார்கள். சாமை அறுவடைக்கு முன்னால் வீட்டில் மிச்சம் இருந்ததையெல்லாம் அவர் மனைவி ஆக்கிப் போட்டிருக்கிறார். அண்ணன் திரும்பி வந்து அம்மாவிடம் முதலில் சொன்னது, "சாமச் சோறு தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சிம்மா" என்பதுதான்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை அவர் கீழே இறங்கி எங்கள் வீட்டுக்கு வருவார். பீடி, உப்பு, வெற்றிலை, யாருக்கு என்ன வேண்டுமோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஊர்ச் செய்தியையும் கேட்டுக்கொண்டு ஏறுவார். போலீஸ் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இருந்தது. தலைச்சுமையோடு போகிற மலைக்காரரை யார் நிறுத்திக் கேட்கப்போகிறார்கள்?

போலீஸிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் அண்ணன் பெயரும் இருந்தது, ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் என் பெயரும் இருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த பயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அடிக்குப் பயப்படவில்லை. ஜெயிலுக்குக் கூட அவ்வளவாகப் பயப்படவில்லை. கேஸ் என்று ஒன்று எழுதிவிட்டால் பயிற்சிக்கும் வேலைக்கும் ஆயுசுக்கும் கதவு சாத்திவிடும் என்று பயந்தேன். எதற்காக ரோட்டில் உட்கார்ந்தேனோ அது அந்த உட்கார்ந்ததாலேயே போய்விடும். ராத்திரியும் பகலும் அதே நினைப்பு.

நைனா ஓடவில்லை. பெரிய மனுஷர் என்பதால் அவரைப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. அவர் இன்ஸ்பெக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். இன்ஸ்பெக்டர் கெட்ட ஆள் இல்லை என்றார். ரோட்டு மரம் ஏழு போயிருக்கிறது, மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், வெட்டினவன் ஒருவன் கோடாலியோடு கிடைத்தால் போதும், மற்றவர்கள் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம். நைனா எங்கள் முற்றத்தில் நாலு பெரியவர்களை உட்காரவைத்துக்கொண்டு இதைச் சொன்னார். நான் மோர் கொண்டுபோய் வைத்தேன், அங்கேயே நின்றேன்.

"யாரக் குடுக்கறது?" என்றார் ஒருவர்.

"நம்ம பசங்க எவனையும் குடுக்க முடியாது. கேஸ் இருந்தா நாளைக்கி வேல குடுப்பானா?" என்றார் நைனா. பிறகு யாரையும் பார்க்காமல், "வெட்டனது அவன்தான்" என்றார்.

மோரைக் குடித்தார்கள். ஒருவர் மட்டும், "பாவங்க அவன்" என்றார்.

"அவனுக்கின்னா? அவன் வேலைக்கா போவப்போறான்? ரெண்டு மாசம் உள்ள வெச்சி வுட்ருவான். மூணு வேள சோறு" என்றார் நைனா. அந்தச் 'சோறு' என்ற சொல்லோடு எல்லாருக்கும் மனசு சமாதானம் ஆகிவிட்டது. எனக்கும் ஆகிவிட்டது. அங்கே நின்ற நான் குழந்தை இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவரிடம் சொல்லும் வேலையை நைனா எனக்குக் கொடுத்தார். தான் சொன்னால் சந்தேகப்படுவான், பாப்பா சொன்னால் கேட்பான் என்றார். மறுநாள் காலையில் பீடி வாங்க அவர் வந்தபோது நான் வாசலுக்குப் போனேன்.

"ரோட்ல கெடக்கற மரத்தெல்லாம் துண்டு போட்டு ஒதுக்கணுமாம். சர்க்காருல ஆள் கேக்கறாங்க. உன்னத் தவிர யாருக்குத் தெரியும்? கோடாலிய எடுத்துக்கினு வா" என்றேன்.

அவர் யோசித்தார். "போலீசு என்னியும் புடிக்குமா பாப்பா?"

"உன்ன எதுக்குப் புடிக்கப் போறாங்க? நீ எந்த சங்கம், எந்த கட்சி?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. "அதானே. எனக்கின்னா வந்துச்சி" என்று சிரித்தார். "சாம முத்திப் போச்சி பாப்பா. ரெண்டு நாள்ல முடிச்சிட்டு ஏறிடணும். இல்லன்னா எல்லாம் கொட்டிப்போவும்" என்றார். முடித்துவிடலாம் என்றேன்.

இரண்டு நாள் வேலை செய்தார். தான் சாய்த்த ஏழு மரங்களையும் தானே துண்டு போட்டு, உருட்டி, ரோட்டோரம் ஒதுக்கினார். போலீஸ்காரர்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஏட்டு அவருக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் முதல் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவர் நெற்றியை வழித்துவிட்டுக்கொண்டு அதையே பார்த்தார். அவர் ஒதுக்கிக் கொடுத்த ரோட்டில்தான் அவரை ஏற்றிக்கொண்டு போவதற்கான ஜீப்பும் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு காகிதத்தை விரித்தார். ஸ்டேஷனிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். ஏட்டு மைடப்பாவைத் திறந்தார். "கைநாட்டு வெய்ப்பா, வேல முடிஞ்சிதுன்னு" என்றார்.

அவர் விரலை நீட்டவில்லை. இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. "எங்க பாப்பா ஒருக்கா படிச்சிடட்டும்ங்க" என்றார்.

நான் கூட்டத்தில் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நைனா திரும்பிப் பார்த்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. போய்க் காகிதத்தை வாங்கினேன். அதில் மறியல் என்ற சொல்லே இல்லை. சங்கம் இல்லை, எங்கள் ஊர் ஆள் ஒருவரும் இல்லை. மலைவாசியான நான், விறகுக்கு விற்கும் எண்ணத்தோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சர்க்காருக்குச் சொந்தமான ஏழு புளியமரங்களை என் கோடாலியால் வெட்டினேன் என்று எழுதியிருந்தது. ஏழு புளியமரத்தைத் தலையில் வைத்து மலைக்குக் கொண்டுபோக நினைத்தாராம். ஒன்றுக்கும் உதவாத பொய், படித்தவுடனே யாருக்கும் சிரிப்பு வர வேண்டிய பொய். என் பெயர் உள்ள பட்டியல் ஏட்டின் கக்கத்தில் இருந்தது.

நான் எப்போதும் போலத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "சாலையில் கிடந்த ஏழு மரங்களை என் கோடாலியால் துண்டு செய்து, அப்புறப்படுத்தி, சர்க்காருக்கு உதவி செய்தேன்" என்று படித்தேன். எழுதியிருப்பதைப் பார்த்துப் படிப்பது போல, ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணை நகர்த்தினேன். அவ்வளவு நன்றாக நடித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "உதவின்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, விரலை மையில் தோய்த்து, காகிதம் கிழிந்துவிடாமல் பார்த்து அழுத்தினார். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். ஆபீசு வரைக்கும் போய்விட்டுத் திரும்பலாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஜீப்பில் ஏறியதும் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். கோடாலியை ஏட்டு ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார். மறுவாரம் எங்கள் ஊர்ப் பையன்கள் இருபது பேரும் இறங்கி வந்தார்கள். கறிச்சோறு ஆக்கிப் போட்டோம்.

கடலூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஊரில் பலரும் பார்க்காத கடலை அவர் அப்படியாவது பார்த்திருப்பார் என்று ஒருவன் வேடிக்கையாகச் சொன்னான். அதற்கும் ஊர் சிரித்தது.

ஐப்பசியில் அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஒண்டியாள் அறுத்தது போக மிச்சச் சாமை நிலத்திலேயே கொட்டிவிட்டது, கொஞ்சத்தைப் பன்றி தின்றுவிட்டது என்றார். அதைச் சொல்ல வரவில்லை. ஜாமீனுக்குச் சொத்து உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னார்களாம், மலையில் யாரிடமும் பத்திரம் கிடையாது, நைனா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

நைனா உள்ளே இருந்துகொண்டே அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "ஜாமீன் போட்டா நமக்கும் கேசுக்கும் சம்பந்தம்னு எழுதிடுவான். வூட்ல இல்லன்னு சொல்லு" என்றார். அம்மா வெளியே வந்து அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு பழைய புடவையையும், காகிதத்தில் சுற்றிய கருவாட்டையும் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் கை கொஞ்சம் பெரிதாக இருந்தது. அந்த அம்மாள் இரண்டையும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். "கொழுப்பப் பாத்தியா" என்றாள் அம்மா. நான் ஜன்னலிலிருந்து விலகிக்கொண்டேன்.

ஒதுக்கீடு பின்னால் வந்தது. எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, அண்ணனுக்கு பஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது, அந்த இருபது பேரில் பாதிப் பேர் ஏதோ ஒரு சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். யார் மேலும் கேஸ் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே என் தொழிலானது. நன்றாகக் கற்றுக்கொடுப்பேன் என்று பெயர். இதில் எதையும் திருப்பிக் கொடுக்க நான் தயாராக இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. அழுதுவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அதனால் அழவும் இல்லை.

ஆனால் இதெல்லாம் கிடைப்பதற்கு முன்னால் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. ஐந்து மாதம் கழித்து, மாசி மாதம், அவரை வெளியே விட்டார்கள். யார் ஜாமீன் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். ரோட்டுப் பக்கமிருந்து அவர் வந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது, முடி ஒட்ட வெட்டியிருந்தது. தலையில் சுமை இல்லை. கையில் கோடாலி இல்லை. அவரை அழைத்துப்போக மலையிலிருந்து இறங்கி வந்த அவர் மனைவி, குழந்தையோடு நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்.

நைனா வயலுக்குப் போயிருந்தார். அம்மா கொல்லையில் இருந்தாள். நான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். காறித் துப்புவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன்.

"பாப்பா, நல்லா இருக்கியா?" என்றார். "ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். கேட்டுட்டு ஏறிடறேன்."

கேளு என்றேன்.

"அங்க உள்ள ஒரு வாத்தியாரு இருந்தாரு. ஏதோ கேசுல வந்தவரு, நல்ல மனுசன். கோர்ட்ல குடுத்த காயிதத்த வாங்கிப் படிச்சாரு. நான் வெறகுக்கு வெட்டனேன்னு, யாருஞ் சொல்லாம நானா வெட்டனேன்னு அதுல எழுதியிருக்குன்னாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சி. எங்க பாப்பா ஊருக்கு முன்னால படிச்சிக் காட்டிச்சி, சர்க்காருக்கு ஒதவி பண்ணேன்னுதான் எழுதியிருந்துச்சின்னு சண்ட போட்டேன். அவரு திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு. அதோட அவராண்ட பேச்ச வுட்டுட்டேன். அஞ்சு மாசம் பக்கத்துல பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தோம், ஒரு வார்த்த பேசல." மனைவியைக் கையால் காட்டினார். "இவளும் அவரு சொன்னதுதான் நெசம்ங்கறா. நீயே சொல்லிடு பாப்பா. அந்த வாத்தியாரு தப்பாத்தானே படிச்சாரு?"

ரோட்டில் ஒரு பஸ் போனது. சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போதும் வரப்போவதில்லை என்று தெரிந்தது. நைனா இல்லை, போலீஸ் இல்லை, ஊர் இல்லை. அவருக்கு வர வேண்டிய கஷ்டமெல்லாம் வந்து முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவர் என்னைப் பார்க்கும் பார்வை மட்டும் மாறிவிடும், அவ்வளவுதான். அதைக் கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆமா" என்றேன். "அவரு தப்பாப் படிச்சிட்டாரு."

அவர் மூச்சு விட்டார். திரும்பி மனைவியிடம், "கேட்டுக்கினியா? நான் அப்பவே சொல்லல?" என்றார். பாரம் இறங்கிய ஆளாக மலைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் உடனே நகரவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் எழுத்துத் தெரியாது.